அறுபத்தேழாம் எண்

பிப்ரவரி 9

புள்ளிக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை, அதனால் வெறும் புள்ளி. போனில் பேசிவிடேன் என்று உன் அண்ணன் இரண்டு நாளாகச் சொல்கிறார். உன் குரலைக் கேட்டால் நான் கத்துவேன், நீ அழுவாய், கடைசியில் நானே உன்னைச் சமாதானமும் செய்ய வேண்டும். அந்த வேலை எனக்கு வேண்டாம். நீ ஏழு தரம் கூப்பிட்டதைப் பார்த்தேன். எடுக்க மாட்டேன். சொல்ல வேண்டியது இருந்தால் எழுது.

உங்கள் ஆராய்ச்சிக்காக எங்கள் தொழிற்பயிற்சிப் பள்ளியில் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்துக் கொடுத்தவள் நான். நர்ஸ் என்ற முறையில் குழாய்க்கு எண் ஒட்டியதும் நான், எந்த எண் யாருடையது என்ற நோட்டை என் அலமாரியில் பூட்டி வைத்ததும் நான். முடிவு வந்தால் என்னிடம் வரும், ஒவ்வொருவராக என் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, பக்குவமாகச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். நீ என்ன செய்தாய்? ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கிற பதினாலு எண்களை ஒரு தாளில் அடித்து நேராகப் பள்ளி முதல்வருக்கு அனுப்பினாய். நான் பட்டறையில் ஒரு பையனுக்கு விரல் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அந்த மனுஷன் மாற்றுச் சாவியால் அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்துப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, மொத்தப் பள்ளியும் வரிசையில் நிற்கிறது. மைக்கில் பெயர் வாசிக்கிறார். "இந்தப் பதினாலு பேரும் தனியா வந்து நில்லுங்க." தையல் பிரிவுப் பெண் ஒருத்தி அங்கேயே வாந்தி எடுத்தாள். பதினொன்றாவதாக வாசித்த பெயர் வாலுவுடையது. என் மகள், உன் அண்ணன் மகள், நீ தூக்கி வளர்த்த வாலு. அவள் வரிசையை விட்டு வந்து, "நான் எங்க சார் நிக்கணும்?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் ஓரடி பின்னால் போனார்கள். அதை என் கண்ணால் பார்த்தேன்.

மதியத்துக்குள் சாப்பாட்டுக் கூடத்தில் பதினாலு தட்டுக்கு அடியில் சிவப்பு பெயிண்ட். இது ரத்தத்தில் பரவுவது, தட்டில் பரவாது என்று தொண்டை கிழியச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் முடிதிருத்தும் பிரிவு மாஸ்டரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பதினாலு பேரில் எட்டுப் பேர் அவர் மாணவர்களாம், அதனால் அவர் சவரக் கத்திதான் காரணமாம். இந்த மாதக் கடைசியில் பதினாலு பேரையும் பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம்.

படித்தவள், விவரம் தெரிந்தவள் என்று ஊரெல்லாம் உன்னைப் பற்றிப் பீற்றிக்கொண்டேன். நன்றாகத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டாய்.

அண்ணி

*

பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணிக்கு (நான் 'அன்புள்ள' என்று எழுதத்தான் செய்வேன்),

நான் அழவில்லை. ஒரு தரம்தான்.

பட்டியலை உங்களுக்கு அனுப்பாததற்குக் காரணம் சொல்கிறேன். சொன்ன பிறகு திட்டுங்கள். பள்ளி நர்ஸ் என் அண்ணி என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். முடிவை உங்களிடம் கொடுத்தால், 'வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொண்டார்கள்' என்று பேச்சு வரும் என்று பயந்தேன். எண்கள்தானே, பெயர் இல்லையே, முதல்வர் உங்களிடம்தானே கொடுப்பார் என்று நினைத்தேன். மாற்றுச் சாவி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்தாமல் எந்தப் பட்டியலும் வெளியே போகக் கூடாது என்பது எங்கள் விதி. கெடு நெருங்கியதால் அதையும் மீறினேன். தப்பு என்னுடையது. இரண்டு தப்பும்.

இப்போது வேறு ஒன்று சொல்ல வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

பிள்ளைகளிடமும் இளைஞர்களிடமும் இந்த வைரஸ் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. ஐந்து வயதிலிருந்து இருபத்து நாலு வயது வரை. உங்கள் பள்ளியை விட்டுவிட்டுப் பார்த்தால், பதினோரு பள்ளிகளில் ஆயிரத்து முந்நூற்று நாலு பேர். அதில் வைரஸ் இருந்தவர்கள் ஒன்பது பேர். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. உங்கள் பள்ளியில் மட்டும் நூற்றுக்குப் பன்னிரண்டரை. என் மேலதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. 'பெரிய கண்டுபிடிப்பும்மா, இதை வச்சே தனி அறிக்கை போடலாம்' என்கிறார். எனக்கு அது கண்டுபிடிப்பு மாதிரி தெரியவில்லை. எங்கேயோ இடிக்கிற மாதிரி இருக்கிறது.

நேற்று இயந்திரம் கொடுத்த அளவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அளவு ஒன்றைத் தாண்டினால் 'இருக்கிறது' என்று எழுதுவோம். உண்மையிலேயே வைரஸ் இருக்கிறவர்களுக்கு அது நூறு, இருநூறு என்று போகும். மற்ற பள்ளிகளின் ஒன்பது பேரும் அப்படித்தான். உங்கள் பதினாலு பேரில் பதின்மூன்று பேருக்கு ஒன்றரை, இரண்டு, அதிகம் போனால் நாலு. ஒரே ஒரு எண்ணுக்கு மட்டும் இருநூற்றுப் பத்து. அறுபத்தேழாம் எண்.

பதின்மூன்று பேருக்கு இவ்வளவு மங்கலாக வருவதற்கு எனக்குத் தெரிந்து ஒரு வழி உண்டு. தடுப்பூசி. அந்த வைரஸின் மேலுறையில் இருக்கிற புரதத்தைத்தான் ஊசியில் ஏற்றுகிறோம். எங்கள் பரிசோதனை தேடுவதும் அதே புரதத்தைத்தான். ஊசி போட்டு இரண்டு மூன்று வாரத்துக்குள் ரத்தம் எடுத்தால், நோய் வராமல் இருக்கப் போட்ட ஊசியே நோய் மாதிரி காட்டும். ஆனால் உங்கள் பள்ளிப் படிவங்களில், 'கடந்த ஒரு மாதத்தில் தடுப்பூசி போட்டதுண்டா?' என்ற கட்டத்தில் எல்லோருக்கும் 'இல்லை' என்று இருக்கிறது.

அண்ணி, யாராவது ஊசி போட்டார்களா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.

புள்ளி

*

பிப்ரவரி 17

புள்ளிக்கு,

படிவத்தில் இல்லை என்று இருந்தால் இல்லைதான். உனக்குப் புரிகிற மாதிரி நிரப்பிக் கொடுத்தேனே, அப்புறம் என்ன விசாரணை?

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. உன் அண்ணன் தினமும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் வாலுவின் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுவிட்டு வருகிறார். வார்டன் தடுத்தால், "எம் பொண்ணு எச்சில் எனக்குப் புதுசா?" என்கிறாராம். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். வாலு ஒன்றும் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை. பதினாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கூத்தடிக்கிறார்கள். தங்களுக்குள் 'சிவப்புத் தட்டுக் கட்சி' என்று பேர் வைத்திருக்கிறார்கள். "பதினாலு பேர் இருக்கோம்மா, ஒருத்தியா இருந்தாத்தான் பயம்" என்றாள்.

அந்த அறுபத்தேழு யாராக இருந்தால் உனக்கென்ன? எண்ணை எண்ணாகவே வை. பதினாலு பேருக்கும் சேர்த்து ஏதாவது செய்ய முடியுமா என்று பார்.

அண்ணி

*

பிப்ரவரி 20

அண்ணிக்கு,

அந்த எண் யார் என்று நான் கேட்கவே இல்லை.

உங்கள் கடிதம் வந்ததும் நூற்றுப் பன்னிரண்டு படிவங்களையும் மேசையில் பரப்பினேன். மற்ற கட்டங்களை எல்லாம் பிள்ளைகளே நிரப்பியிருக்கிறார்கள். ஒருத்தன் 'தொழில்' என்ற இடத்தில் 'இன்னும் கற்றுக்கொடுக்கவில்லை' என்று எழுதியிருக்கிறான். ஆனால் தடுப்பூசிக் கட்டம் மட்டும் நூற்றுப் பன்னிரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே நீல மை. அது உங்கள் கையெழுத்து. என் முதல் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த கையெழுத்தை எனக்குத் தெரியாதா?

காதில் பூ சுற்றாதீர்கள் அண்ணி. ஊசி போட்டிருக்கிறீர்கள். அதை மறைத்திருக்கிறீர்கள். எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான். மெமோவுக்குப் பயப்படுகிற ஆள் நீங்கள் இல்லை. நோட்டீஸ் கொடுத்த டாக்டர் முன்னாலேயே அதைப் படித்துக் காட்டி எழுத்துப்பிழை திருத்தியவர். அப்படிப்பட்டவர் இந்த வாரம் ஏன் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்?

நேற்று உங்கள் மாஸ்டர் என் அலுவலகத்துக்கே போன் செய்தார். எண் எப்படிக் கிடைத்ததோ தெரியவில்லை. கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். "அம்மா, இருபத்தாறு வருஷம். ஒரு ஆளுக்கு ஒரு பிளேடு, அது ஆளு முன்னாடியே பிரிச்சு, ஆளு முன்னாடியே உடைச்சுப் போடுவேன். புள்ளைங்களுக்கும் அதைத்தான் சொல்லிக் குடுத்தேன். எங்க தப்பு நடந்துச்சுன்னு நீங்களாச்சும் சொல்லுங்க, நான் திருத்திக்கிறேன்" என்றார். செய்யாத தப்பை அவர் தன் கையிலேயே தேடிக்கொண்டிருக்கிறார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

இன்னும் எட்டு நாளில் மாதம் முடிகிறது.

புள்ளி

*

பிப்ரவரி 23

புள்ளி,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். மாஸ்டர் பேசியதை மட்டும் நாலு தரம். இனிமேல் மறைக்க என்னால் ஆகாது. சொல்கிறேன், கேள்.

ஜனவரியில் எங்களுக்கு முப்பது பேருக்கான தடுப்பு மருந்து வந்தது. பிப்ரவரியில் முகாம் நடத்தி, பெற்றோர் கையெழுத்து வாங்கி, பதிவேட்டில் ஏற்றிப் போட வேண்டும் என்று உத்தரவு. குப்பியைத் திருப்பிப் பார்க்கிறேன், ஜனவரி முடிந்தால் மருந்தின் காலம் முடிகிறது. மேலே எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. முப்பது பேருக்கான மருந்தைச் சாக்கடையில் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. ஜனவரி 22, வியாழக்கிழமை, கத்தியும் கத்தரிக்கோலும் பிடிக்கிற பிள்ளைகளாகப் பார்த்து முப்பது பேரைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டேன். முகாம் நாள் வரும்போது பதிவேட்டில் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று பெயர்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்தேன். ஐந்து நாள் கழித்து, 27-ஆம் தேதி, உன் குழாய்களோடு வண்டி வந்து நின்றது. படிவத்தில் அந்தக் கேள்வியைப் பார்த்தேன். உண்மையை எழுதினால் உத்தரவு இல்லாமல் போட்டது வெளியே வரும். பிள்ளைகளிடமிருந்து படிவத்தை வாங்கி நானே 'இல்லை, இல்லை' என்று எழுதிக்கொண்டே போனேன். ஊசி போட்டது ரத்தத்தில் நோய் மாதிரி தெரியும் என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது.

அது முதல் பாதி. மெமோவுக்காக நான் இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. உனக்கு அது தெரிந்திருக்கிறது, அதனால்தான் அப்படிக் கேட்டாய்.

13-ஆம் தேதி நீ எழுதியது கைக்கு வந்த அன்றே சீட்டை எடுத்து வைத்துச் சரிபார்த்தேன். மங்கலாக வந்த பதின்மூன்று பேரும் அந்த முப்பதுக்குள் இருக்கிறார்கள். அறுபத்தேழு இல்லை. அறுபத்தேழு வாலு.

அவளும் கத்தரிக்கோல் பிடிக்கிறவள்தான், முப்பதில் முதல் ஆளாக வந்திருக்க வேண்டியவள். வரிசையில் வந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். "நீ போ, நர்ஸம்மா தம் பொண்ணுக்குத்தான் மொதல்ல போட்டாங்கன்னு பேச்சு வரும்" என்று விரட்டிவிட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே போனாள். நீ எதற்குப் பயந்து முதல்வருக்கு அனுப்பினாயோ, அதே பயத்தில் நான் என் மகளை வரிசையிலிருந்து தள்ளினேன். நல்ல குடும்பம்.

இப்போது புரிகிறதா? சீட்டைக் கொடுத்தால் பதின்மூன்று பேர் தப்பிக்கிறார்கள், மாஸ்டர் தப்பிக்கிறார். என் பெண் மட்டும் அந்த மேசையில் தனியாக உட்கார்ந்திருப்பாள். கொடுக்காவிட்டால் பதினாலில் ஒருத்தி. ஒரு வாரமாக இதையே மாற்றி மாற்றி நினைத்து, அடுத்தவர் பிள்ளைகள் பதின்மூன்று பேரை என் மகளுக்குத் துணையாகப் பிடித்து வைத்திருந்தேன். எழுதும்போதே கேவலமாக இருக்கிறது.

இன்று காலை வாலுவிடம் சொன்னேன். ஊசி, சீட்டு, அறுபத்தேழு எல்லாம். முழுசாகக் கேட்டாள். அப்புறம், "அப்போ மாஸ்டர வேலைய விட்டுத் தூக்குனது என்னாலயா?" என்று கேட்டாள். என்னாலம்மா என்றேன். "அப்போ சீட்டக் குடு. இன்னும் என்ன வெச்சிருக்க?" என்றாள்.

சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். உன் அண்ணன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். மூன்று மணி நேரப் பயணம் என்று முனகுவார், டீ வாங்கிக் கொடு.

அண்ணி

*

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் முனகவில்லை. டீயும் குடிக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாலுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

நடந்ததைச் சொல்கிறேன். சீட்டை மேலதிகாரியிடம் நீட்டினேன். கண்டுபிடிப்பு கையை விட்டுப் போன வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது, ஆனாலும் நல்ல மனுஷன், அன்றே கையெழுத்துப் போட்டார். முதல்வருக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறோம். பதின்மூன்று பேருக்கு வந்தது ஊசியின் தடயம், மார்ச் இரண்டாம் வாரத்தில் மறுபடி ரத்தம் எடுத்தால் மறைந்திருக்கும். அதைவிட முக்கியமாக, வைரஸ் உண்மையிலேயே இருந்தாலும் ஒரு மாணவரை வகுப்பிலிருந்தோ விடுதியிலிருந்தோ வெளியேற்ற எந்தக் காரணமும் இல்லை, எந்தத் தொழில் படிக்கவும் தடை இல்லை. இந்த இரண்டாவது வரியை எழுதும்போது கொஞ்சம் அழுத்தி எழுதினேன். தாள் கிழிந்துவிட்டது, மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

மாஸ்டரிடம் நானே போனில் சொன்னேன். "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பட்டியலை அனுப்பியதற்கு எனக்கு ஒரு மெமோ வந்திருக்கிறது. உங்களுக்கும் வரும். சட்டம் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டலாம்.

இனி எழுதப்போவது கஷ்டமானது. வாலுவுக்கு அடுத்த வாரமே ஈரல் சிறப்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அந்த அளவு, அந்த வயது, உடம்பில் ஒரு குறையும் இல்லை. இப்படி இருந்தால் பெரும்பாலும் அது கத்தியிலோ கத்தரியிலோ வந்தது இல்லை. பிறக்கும்போது வந்தது. அவள் பிறந்த காலத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் நாளே இந்த ஊசி போடுகிற வழக்கம் வரவில்லை.

அண்ணி, நீங்கள் உங்கள் ரத்தத்தைப் பார்த்துவிடுங்கள். அண்ணனுடையதையும். உங்களிடம் சுற்றி வளைத்துச் சொன்னால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள்.

புள்ளி

*

மார்ச் 16

அன்புள்ள புள்ளி,

போட்டுவிட்டேன் பார், அன்புள்ள.

முதலில் நல்ல செய்தி. பதின்மூன்று பேருக்கும் சுத்தமாக ஒன்றும் இல்லை. நீ சொன்னபடியே. தட்டுகளின் அடியிலிருந்த சிவப்பை நானும் வார்டனும் தேய்த்துத் தேய்த்து எடுத்தோம். பதினாலையும். வார்டன் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள். நான் ஒரு பார்வை பார்த்தேன், திரும்ப வைத்துவிட்டாள்.

வாலுவுக்கு இருக்கிறது. ஈரல் நன்றாக இருக்கிறது, இப்போது மருந்துகூட வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும் என்று டாக்டர் சொன்னார். "கல்யாணம், குழந்தை, வேலை, எதுக்கும் தடை இல்ல. கட்டிக்கிறவன் ஊசி போட்டுக்கணும், அவ்வளவுதான்" என்றார். "ஊசிக்குப் பயப்படுறவனா இருந்தா வேணாம்" என்றாள் உன் மருமகள். டாக்டர் சிரித்துவிட்டார்.

அப்புறம் நான். எனக்கும் இருக்கிறது. நர்ஸ் படிப்பில் சேர்ந்தபோது மூன்று ஊசி போட்டார்கள். ஊசி போட்டவளுக்கு என்ன வரப்போகிறது என்று நானும் இருந்துவிட்டேன், ரத்தம் பார் என்று யாரும் சொல்லவும் இல்லை. அதற்கு முன்னாலேயே உள்ளே இருந்திருக்கிறது. இருபத்து மூன்று வருஷமாக ஊருக்கெல்லாம் ரத்தம் எடுக்கிறேன், என் ரத்தத்தை ஒரு நாளும் எடுத்ததில்லை. உன் அண்ணனுக்கு இல்லை. என்றைக்கோ வந்து தானாகவே போயிருக்கிறதாம். அதிலும் அவர் யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை.

நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்று எழுதியிருந்தாயே. நம் வீட்டில் மூன்றுக்கு இரண்டு.

மூன்று நாள் அழுதேன், புள்ளி. மறைக்க மாட்டேன். எனக்காக இல்லை. என் உடம்பிலிருந்து அவளுக்குப் போயிருக்கிறதே என்று. நாலாவது நாள் வாலு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "அம்மா, மூக்கும் உன்னுதுதான், வாயும் உன்னுதுதான், அதுக்கெல்லாம் ஒரு நாளாச்சும் மன்னிப்புக் கேட்டியா? எழுந்து மூஞ்சியக் கழுவு" என்றாள். எழுந்து கழுவினேன்.

மாஸ்டர் வேலைக்கு வந்துவிட்டார். முதல் நாளே அவர் அறைக்குப் போய், எல்லோர் முன்னாலும், என்னால் வந்த பழி என்று சொன்னேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் ஆகும் சிஸ்டர்" என்றார். நியாயம்தான். முதல்வர் வாலுவைத் தையலுக்கு மாற்றிவிடலாம் என்று மெல்ல ஆரம்பித்தார். உன் கடிதத்தை அவர் மேசையில் வைத்து, இரண்டாவது வரியில் விரலை வைத்தேன். மாஸ்டர் வாசலில் நின்றபடியே, "எம் மாணவி சார், எங்கயும் போமாட்டா" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எனக்கு மெமோ வந்தது. ஆறு மாதம் மருந்துப் பெட்டிச் சாவி என்னிடம் இருக்காது. போகட்டும்.

அண்ணி

*

மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தது தப்பு. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்தத் தரம் ஒரு தரம் இல்லை.

ஒரு முடிவு உங்களிடமிருந்து வேண்டும். அறிக்கை அச்சுக்குப் போகிறது. ஊசி விவகாரம் நடந்த பள்ளி, எதற்கு வம்பு, அதை முழுக்க எடுத்துவிடலாம் என்கிறார் மேலதிகாரி. எடுத்தால் பதினோரு பள்ளி, ஒன்பது பேர். அறிக்கை சுத்தமாக இருக்கும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வைத்தால் பன்னிரண்டு பள்ளி, ஆயிரத்து நானூற்றுப் பதினாறு பேரில் பத்துப் பேர். உங்கள் பள்ளிக்கு நேரே ஒன்று என்று இருக்கும்.

வைக்க வேண்டும் என்பது என் கட்சி. மறுபரிசோதனை செய்து வந்த முடிவு, எங்களிடம் இருக்கிற எல்லா எண்களையும்விட உறுதியானது அதுதான். அந்த ஒன்றை எடுத்தால், எங்கள் கணக்கைப் பார்த்துத் தடுப்பு மருந்து பிரிக்கிறவர்கள் அந்தப் பள்ளி இருப்பதையே மறந்துவிடுவார்கள். ஆனால் இது வெறும் எண் என்று இரண்டாவது தரம் நான் சொல்ல மாட்டேன். பெயர் வராது. ஆனாலும் அந்தப் பள்ளியில் இருக்கிற அத்தனை பேருக்கும் அந்த ஒன்று யார் என்று தெரியும். எந்தக் காலத்திலும் அறிக்கையைப் புரட்டினால் அது அங்கே இருக்கும்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், எடுத்துவிடுகிறேன். ஏன் என்று கேட்க மாட்டேன். 28-க்குள் தெரிய வேண்டும்.

புள்ளி

*

மார்ச் 24

அன்புள்ள புள்ளி,

உன் கடிதத்தைப் படித்ததும் எடுத்துவிடு என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஒரு வார்த்தைதானே, நீயும் ஏன் என்று கேட்க மாட்டாய். யாருக்கு என்ன நஷ்டம்? அப்புறம் எனக்கே உறைத்தது. ஒரு தரம் என் இஷ்டத்துக்கு 'இல்லை' என்று எழுதித்தான் இவ்வளவும் நடந்தது. பேனாவை மூடிவிட்டு, கடிதத்தை அதற்கு உரியவளிடம் கொண்டு போனேன்.

பட்டறையில் இருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் மாஸ்டர். கழுத்தைச் சுற்றித் துணி, கன்னம் முழுக்க நுரை. வாலு அவர் கண் முன்னால் புது பிளேடைப் பிரித்து மாட்டி, சவரம் செய்துகொண்டிருந்தாள். சுற்றிலும் அவள் வகுப்பு முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் ஓரடி பின்னால் போகவில்லை. பிளேடு தாடைக்குக் கீழே வந்தபோது நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவள் கை ஆடவில்லை.

முடித்து, துடைத்து, பிளேடை உடைத்துப் போட்டுவிட்டு வந்து கடிதத்தைப் படித்தாள். நின்றபடியே, முழுசாக. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடுத்துட்டா எனக்கு இல்லன்னு ஆயிடுமா?" என்றாள்.

"ஆகாது."

"அப்போ இருக்கட்டும். நான் இருக்கேன்ல."

இரண்டு அடி போனவள் திரும்பி வந்தாள். உன்னிடம் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அத்தைகிட்ட சொல்லு, எண்ணுல போட வேணாம். ஒன்று அப்படின்னு எழுத்துல போடச் சொல்லு. எண்ணுல போட்டா, நூத்திப் பன்னெண்டு பேருக்கு ஒண்ணுதானா, அச்சுல பக்கத்துல இன்னொரு எண் விட்டுப் போச்சுன்னு நினைச்சுக்குவாங்க."

போட்டுவிடு.

அண்ணி